சாரத்தின் மேல் இடதுகைக்காரன்

சுலோச்சனாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கோலார் தங்கவயலின் பாலகாட்டில் அவள் குடியிருந்த லைன் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைனே உறங்கும்போது அவள் மட்டும் வாளியும் விளக்குமாறுமாக வாசலில் நிற்பாள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் மாலூர் தாண்டியதும் எழுந்து கதவருகே போய்விடுவாள். இறங்க வேண்டிய ஒயிட்ஃபீல்டு வர இன்னும் நேரம் கிடக்கும்.

"உக்காருங்க அக்கா. நீங்க நின்னா ரயிலு சீக்கிரம் போயிடுமா?" என்பாள் ஐடா.

ஐடாவும் அவளும் ஒரே கம்பெனி. ஒயிட்ஃபீல்டில் ஒன்பது மாடிக் கட்டடம். இருவருக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஐடா பன்னிரண்டு வயது இளையவள். வேளாங்கண்ணியைத் தவிர எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனால் போனில் ஊர் சுற்றும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவாள், அதுவும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

போன வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள் காலை, கண்ணாடி போட்ட ஒரு பையன் படபடவென்று கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தான். கர்நாடகத்தில் கட்டாயம் பார்த்துவிட வேண்டிய பத்துக் கோட்டைகளும் கல்லறைகளும் என்பது விஷயம். சுலோச்சனா வழக்கம்போல எழுந்து நின்று, மேல்கம்பியைப் பிடித்தபடி சும்மா அதன் மேல் பார்வையை வைத்திருந்தாள். மதில்கள் வந்தன, கும்மட்டங்கள் வந்தன. ஒரு மதிலோரம் மூங்கில் சாரம் கட்டியிருந்தது. சாரத்தின் மேல் ஒருவன் நின்று, கரண்டியில் சுண்ணாம்புக் காரையை அள்ளி இடது கையால் சுவரில் விசிறினான். கீழேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் தலையை மட்டும் திருப்பியதோடு நிற்கவில்லை. உடம்பு மொத்தமும் சுற்றி, இடது காதை முன்னால் கொடுத்து நின்றான். அவ்வளவுதான். அடுத்த ஊர் வந்துவிட்டது.

"ஐடா, நிறுத்து. பின்னால தள்ளு."

"இன்னா அக்கா?"

"பின்னால தள்ளுடி!"

மூன்று நொடி. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒயிட்ஃபீல்டு வந்தது, போனது. இத்தனை வருஷத்தில் சுலோச்சனா இறங்க மறந்தது அன்றைக்குத்தான். கே.ஆர்.புரத்தில் இறங்கி பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

"என் தம்பி" என்றாள். "எழிலன். அவனுக்கு வலது காது கேக்காது. சின்ன வயசுல சீழு வந்து போச்சு. அப்பிடித்தான் திரும்புவான்."

எழிலன் வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவன் போன கதை ஊருக்குத் தெரிந்தது பாதிதான். அவர்களுடைய அப்பா தங்கச் சுரங்கத்தின் சாம்பியன் ஷாப்டில் வேலை செய்து, நெஞ்சில் கல்தூசி சேர்ந்து செத்தார். அந்த வேலை எழிலனுக்கு வரும் என்று வீடு காத்திருந்தது. அது வருவதற்குள் 2001இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். சுலோச்சனாவின் புருஷன் அசோகனுக்கும் வேலை போயிற்று. அவர் ஒரு பழைய ஆட்டோவை வாங்கி ராபர்ட்சன்பேட்டையில் ஓட்ட ஆரம்பித்தார். சுலோச்சனா வீட்டை அம்மா தங்கம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலை ரயிலேறினாள். கோல்டு ஃபீல்டே அந்த ரயிலில் ஏறியது. எழிலன் மட்டும் ஏறவில்லை. கேரம் போர்டு, டீக்கடை, மறுபடி கேரம் போர்டு என்று ஒரு வருஷம் போனது. பிறகு ஒரு நாள் காணாமல் போனான். 'பையன் ஓடிப் போயிட்டான்' என்று ஊர் சொன்னது. மற்ற வீடுகளிலிருந்தும் அப்படிச் சிலர் போயிருந்தார்கள். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

மீதிப் பாதி சுலோச்சனாவிடம் மட்டும் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கம்மா பௌர்ணமிக்காக விகாரைக்குப் போயிருந்தாள். அசோகன் சவாரியில் இருந்தார். சுலோச்சனா ஆறு நாள் ரயிலில் அலைந்த உடம்போடு கறி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். எழிலன் இரண்டரை மணிக்குச் சாவகாசமாக வந்து, கை கழுவாமல், "சோறு போடு அக்கா" என்றான். அவளுக்கு எங்கிருந்தோ வந்தது. தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், கொண்டுபோய் வாசல்படிக்கு வெளியே வைத்தாள்.

"வேல செய்றவங்களுக்குத்தான் உள்ள சோறு. உனுக்கு அங்க."

மற்ற வீடுகளில் இது ஒரு கோபம், அவ்வளவுதான். அந்த வீட்டில் அப்படியில்லை. அவர்களுடைய தாத்தா வட ஆற்காட்டில் ஒரு பண்ணை வீட்டின் வெளியே குந்தி, தனக்கென்று ஒதுக்கிவைத்த தட்டில் சாப்பிட்டவர். ஒரு நாள் அந்தத் தட்டை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்துதான் சுரங்கத்தில் சேர்ந்தார். அப்பா புத்த மார்க்கத்துக்கு வந்ததும் அதனால்தான். வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும் இருந்தார்கள். அப்பா உயிரோடு இருந்தவரை பிச்சைக்கு வந்தவரைக்கூட உள்ளே உட்கார வைத்துத்தான் சோறு போட்டார். அந்த வாசற்படிக்கு வெளியேதான் அவள் தம்பியின் தட்டை வைத்தாள்.

எழிலன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது தட்டு காலியாக இருந்தது. காக்கையா, நாயா, அவனா என்று தெரியவில்லை. அவன் இல்லை.

தங்கம்மா ஒன்பது வருஷம் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்து 2011இல் கண்ணை மூடினாள். கடைசிவரை சுலோச்சனா அவளிடம் வாய் திறக்கவில்லை. அசோகனிடமும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவினாள், வாசலைக் கழுவினாள், ரயிலில் எழுந்து நின்றாள்.

ஐடா அந்த வீடியோக்காரனுக்கு எழுதிக் கேட்டாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எல்லா இடமும் அவன் எடுத்ததில்லையாம். நண்பர்கள் கொடுத்த துண்டுகளை ஒட்டிச் செய்ததாம். எந்தத் துண்டு எந்த ஊர் என்று அவனுக்கே நினைவில்லையாம். கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

"அப்ப பத்து இடத்தையும் பாத்துட வேண்டியதுதான்" என்றாள் சுலோச்சனா.

அசோகன் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "மூணு செகண்டு. மூஞ்சிகூட சரியாத் தெர்ல. இத்த நம்பி ஊர் ஊரா சுத்துவியா சுலோ?"

"சுத்துவேன்."

"அவன் தானாப் போனவன். வரணும்னா அவனுக்கு வழி தெரியாதா?"

அவள் அடுப்படிக்குப் போய்த் தேய்த்த குண்டானைத் திரும்பத் தேய்த்தாள்.

பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஐடாவும் கூடவே வந்தாள்; படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கலாமே என்று அவளுக்கு ஆசை. முதல் ஞாயிறு தேவனஹள்ளி. கோட்டைக்குள்ளேயே ஊர் இருந்தது. மதில் மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். சாரம் எதுவும் இல்லை. அடுத்தது குடிபண்டே. பாறையில் வெட்டிய படிகளில் ஐடா மூச்சு வாங்க வாங்க ஏறி, உச்சியில் நின்று, கீழே ஏரி கிடந்த அழகைப் பார்த்து, "அக்கா, இங்க வாங்க, பாருங்களேன்!" என்று கூப்பிட்டாள். சுலோச்சனா வரவில்லை. உடைந்த மதிலைச் சுற்றி மூன்று தரம் நடந்து, வேலை நடந்த தடயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆடுகள்தான் இருந்தன.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பஸ் என்கிற சமாதியின் வாசலில் கூட்டம். தந்தம் இழைத்த கதவையும் பளபளக்கும் கருங்கல் தூண்களையும் உள்ளே புலிவரி தீட்டிய சுவரையும் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது. சுலோச்சனாவின் கண்ணெல்லாம் ஏணியில் இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு பேர் ஏணி போட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரையும் கீழே இறங்க வைத்துவிட்டாள். இருவரும் வலதுகைக்காரர்கள். காவல்காரர் வந்து, சமாதிக்கு மரியாதை வேண்டாமா என்று சத்தம் போட்டார்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்று ஐடா கன்னடத்தில் சமாளித்தாள். வெளியே வந்ததும், "அக்கா, எண்ணூறு கிலோமீட்டர் சுத்திட்டோம். ஒரு எடத்துலயாவது நின்னு பாத்தீங்களா நீங்க?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை என்பது முழு உண்மையில்லை. அவளையறியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எது பழைய காரை, எது புதிதாகப் பூசியது என்று அவளுக்குக் கண் பழகியிருந்தது. பழசு சங்கு மாதிரி மஞ்சளோடி இருக்கும், புதுசு வெளுத்திருக்கும். புதிய பூச்சைக் கண்டால் கிட்டப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கரண்டி இழுத்த கோடு இடமிருந்து போகிறதா வலமிருந்து போகிறதா என்று முகத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஆகஸ்டில் சித்ரதுர்க்கா. ஏழு சுற்று மதில். பாறைக்குள் புகுந்து பாறைக்குள் வெளியே வரும் வாசல்கள். மூன்றாவது சுற்றிலேயே ஐடா ஒரு நிழலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சுலோச்சனா மட்டும் மேலே போனாள். அங்கே ஒரு வயதான காவல்காரர் அவள் மதிலைத் தடவிக்கொண்டு போவதை வெகுநேரமாகக் கவனித்து, என்னம்மா தேடறே என்று கன்னடத்தில் கேட்டார். அவள் போனை நீட்டினாள். அவர் ஆளைப் பார்க்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிச் சுவரைப் பார்த்தார்.

"இது எங்க கல்லு இல்லம்மா" என்றார். "எங்களுது கருங்கல். இத பாரு, செவப்பா, ஓட்ட ஓட்டையா இருக்குது. செம்புராங்கல்லு. இந்த மாதிரி மதிலு பீதர்லதான். நீ தெக்குல சுத்தி என்ன பண்றது? வடக்கே போ."

இரண்டு மாதமாக அந்த மூன்று நொடியைப் பார்த்து அவள் ஆளை மட்டுமே பார்த்திருந்தாள். சுவர் அவ்வளவு நேரமும் ஊர் பேரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

பீதர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியமில்லை. ராத்திரி முழுக்க ரயில், திரும்ப அதே போல. நவராத்திரி லீவோடு சேர்த்து மூன்று நாள் வேண்டும். அசோகன் அன்றைக்குக் கண்டிப்பாக வேண்டாம் என்றார். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "போதும் சுலோ. உனுக்கு முட்டி வலி. பிபி வேற. ஓடினவன் பின்னால நீ இன்னாத்துக்கு ஓடிக்கினே இருக்கணும்?" என்றார்.

"அவன் ஓடல" என்றாள் சுலோச்சனா. "நான்தான் தொரத்தினேன்."

சாயங்கால வெயிலில், ஆட்டோவின் முன்சக்கரத்துக்கு அருகில் நின்றபடி, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். கறிக் குழம்பு, தட்டு, வாசல்படி, அவள் சொன்ன வார்த்தை. அசோகனின் கையிலிருந்த துணி நின்றது. அந்த வீட்டுக்கு அந்தப் படி என்ன என்பது அவருக்குத் தெரியும். மாமனார் தாத்தாவின் கதையை எத்தனையோ தரம் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

அவர் துணியை உதறி மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தார். "எத்தினி மணி வண்டி? பங்காருபேட்டையில வுடவா, பெங்களூரு வரிக்கும் வரட்டா?"

அக்டோபரில் ஒரு காலை பத்து மணிக்கு சுலோச்சனாவும் ஐடாவும் பீதர் கோட்டைக்குள் நுழைந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள். மழை ஓய்ந்த வெயிலில் மதில் முழுக்கச் செங்காவியாக, தேனடை மாதிரித் துளை விழுந்து நின்றது. அந்தச் சுவர்தான். அவள் நடக்கவில்லை, ஓடினாள். கொத்தளம் கொத்தளமாகப் போனாள். வடகிழக்கு ஓரத்தில் ஓரிடத்தில் புதுக் காரை வெளுப்பாகத் தெரிந்தது. சாரத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள், தரையில் மூங்கில் நட்ட குழிகள் மட்டும் இருந்தன. அவள் சுவரில் கன்னத்தை ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தாள். கரண்டிக் கோடுகள் இடதுகைக்காரனுடையவை.

கொஞ்சம் தள்ளி ஒரு தொட்டியில் நாலைந்து பெண்கள் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த வாடை அடித்தது. முழங்கைவரை வெள்ளையாக இருந்த ஒருத்தியிடம் சுலோச்சனா போனைக் காட்டினாள். நாற்பது வயதிருக்கும். அவள் படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ வந்து உடனே மறைந்தது.

"கொத்தில்லா" என்றாள். தெரியாது. குனிந்து மறுபடி கலக்கத் தொடங்கினாள்.

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஐடா, "அக்கா, வாங்க, வேற எடத்துல கேக்கலாம்" என்று இழுத்தாள். சுலோச்சனா நகரவில்லை. தொட்டியோரம் அப்படியே குந்தினாள். அன்றைக்குத்தான் ஐடா அவள் தானாக உட்கார்ந்து பார்த்தது.

"அவனுக்கு வலது காது கேக்காது" என்று சுலோச்சனா கன்னடத்தில் சொன்னாள். "ஆறு வயசுல சீழ் வந்துச்சு. எங்கம்மா பூண்டு எண்ணெ காச்சி ஊத்துவா. இவன் அலறுவான். நான்தான் காலைப் புடிச்சுக்குவேன். நான் அவன் அக்கா. கூட்டிக்கிட்டுப் போக வரல. பாத்துட்டுப் போயிடுவேன்."

அந்தப் பெண் கலக்குவதை நிறுத்தினாள். கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்தும் வெள்ளை போகவில்லை.

"பூண்டு எண்ணெய்" என்றாள் மெதுவாக. "இப்பவும் வாடை புடிக்காது அவருக்கு. கொழம்புல பூண்டு போட விடமாட்டாரு." பிறகு, "நான் மமதா. அவரு வீட்டுக்காரி" என்றாள்.

எழிலன் அஷ்டூரில் இருந்தான். பீதருக்குப் பக்கத்திலேயே, வயல்களுக்கு நடுவில் பழைய பஹமனி சுல்தான்களின் கல்லறைகள் வரிசையாக நிற்கும் ஊர். மூவரும் ஆட்டோவில் போனார்கள். வழியில் மமதா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மேஸ்திரி எங்கே வேலை பிடிக்கிறாரோ அங்கே போவார்களாம். பெல்லாரி, பிஜாப்பூர், ராய்ச்சூர் என்று பதினாறு வருஷமாக மதிலும் கல்லறையும்தான். ஒரே மகள் ஹும்னாபாத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாளாம். "அவரு ஒரு எடத்துல ஆறு மாசம் இருக்க மாட்டாரு. வேல முடியறதுக்கு முன்னாடியே அடுத்த ஊரு எதுன்னு கேப்பாரு."

ஐடா சுலோச்சனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சோளக் காட்டுக்கு அப்பால் கும்மட்டங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, எப்போதோ இடி விழுந்து பாதி பிளந்து, வெட்டிவைத்த தேங்காய் மூடி மாதிரி வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அதற்கு அடுத்த கல்லறையில் சாரம் கட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில் ஒருவன் நின்று வேலை செய்தான். தலை நரைத்திருந்தது. முதுகு அப்பாவின் முதுகு.

"எழிலா" என்றாள் சுலோச்சனா.

அவன் திரும்பவில்லை.

"எழிலா!"

கரண்டி ஓடிக்கொண்டே இருந்தது. மமதா அவள் தோளைத் தொட்டு, மறுபக்கம் போகும்படி கையைக் காட்டினாள். அவனுடைய வலது பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். கூட வளர்ந்தவளுக்கே அது மறந்துபோயிருந்தது. சாரத்தைச் சுற்றி இடது பக்கம் போய், மூன்றாம் முறை கூப்பிட்டாள். அவன் உடம்போடு சுற்றித் திரும்பினான்.

இறங்கி வந்தான். இரண்டடி தள்ளி நின்றான். கண் அவள் முகத்தில் நிற்காமல் தரைக்கும் மமதாவுக்குமாக ஓடியது.

"வந்துட்டியா அக்கா" என்றான்.

அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவில்லை. "தட்ட வெளிய வச்சுட்டேன்டா" என்றாள். "அப்பா வீட்டுல, அந்தப் படிக்கு வெளிய."

எழிலன் கரண்டியில் ஒட்டியிருந்த காரையை விரலால் வழித்தான். "துன்னுட்டுத்தான் போனேன்" என்றான். "பசி."

"அதுக்குத்தான போன?"

"இல்ல. வேலூர்க்கார மேஸ்திரி ஒருத்தர் பத்து நாளா கூப்ட்டுக்கினு இருந்தாரு. பெல்லாரி கோட்டையில வேல, வரியான்னு. சொன்னா அம்மா வுடாது. அன்னிக்கி மத்தியானம் லாரி. உன்னாண்ட சொல்லலாம்னுதான் வந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தான். "வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் வலிச்சுது. அப்பறம் மறந்துட்டேன். நீ மறக்கலியா?"

இத்தனை வருஷம் அவள் சுமந்தது அவனிடம் இரண்டு வருஷத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்தது கோபம்.

"அப்ப இன்னாத்துக்குடா வரல? ஒரு லெட்டரு? ஒரு போனு? அம்மா செத்துப் போச்சு, தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பங்காருபேட்டை வரிக்கும் வந்தேன் அக்கா. ஸ்டேஷனுக்கு வெளிய டீக்கடையில சகாயம் இருந்தான், நம்ம பக்கத்து லைனு. அம்மா போயி மூணு மாசம் ஆச்சுன்னான். வந்தத யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினேன். அடுத்த வண்டியில திரும்பிட்டேன்." அவன் குரல் இறங்கியது. "மொதல்ல வேல மேல வேல வந்துச்சு, வரல. அப்பறம் வெக்கமாப் பூடுச்சு. வருஷம் ஆவ ஆவ அது ஜாஸ்திதான் ஆவுது. கொறையல."

பங்காருபேட்டையிலிருந்து பாலகாட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சுலோச்சனா அவனை அடித்தாள். தோளில், மார்பில், கை போன இடத்தில். அவன் நகராமல் நின்றான். மமதா ஒரு எட்டு முன்னே வந்து நின்றுகொண்டாள். ஐடா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடித்து ஓய்ந்தபோது சுலோச்சனாவின் உள்ளங்கை இரண்டும் சுண்ணாம்பாகி எரிந்தது. மமதா தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து ஊற்ற, எழிலன் அந்தக் கைகளைப் பிடித்துத் தேய்த்துக் கழுவினான்.

"சுண்ணாம்பு தோல அறுத்துடும்" என்றான். "தேங்காண்ண தடவு."

டிசம்பர் கடைசியில் அவன் மமதாவோடு கோல்டு ஃபீல்டுக்கு வந்தான். கையில் துணிப்பையும், மூடி கட்டிய இரண்டு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டும். உள்ளே நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு. ரயிலில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்களாம். அசோகன் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தார். மச்சானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைனே வந்து பார்த்துப் போனது. எழிலன் எல்லோருக்கும் தலையாட்டினான். ஆனால் நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்காரவில்லை. இரண்டாம் நாள் காலையில் இடுகாட்டுக்குப் போனான்.

தங்கம்மாவின் கல்லறைக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். பதின்மூன்று வருஷத்தில் அது வெடித்து, வெடிப்பில் புல் முளைத்திருந்தது. எழிலன் உளியால் அதைத் தட்டி எடுத்தான். ராபர்ட்சன்பேட்டையில் கடுக்காய் வாங்கி உடைத்து ஊறப்போட்டான், வெல்லத்தைக் கரைத்தான். மமதா காரை குழைத்தாள். சுலோச்சனா லீவு போட்டுவிட்டு மணலைச் சலித்துக் கொடுத்தாள். நாலு நாள் வேலை. மூன்று பூச்சு. கடைசிப் பூச்சை ஒரு கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கினான். பேச்சு அதிகமில்லை. ஒரே ஒரு முறை, வேலைக்கு நடுவில் நிமிர்ந்து, "அம்மா என்ன கேக்கும், என்னப் பத்தி?" என்று கேட்டான்.

"சாப்ட்டிருப்பானான்னு கேக்கும்."

அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

ஆறாம் நாள் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். இன்னும் நாலு நாள் இரு என்று அசோகன் சொல்லிப் பார்த்தார். சுலோச்சனா சொல்லவில்லை. அவன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்ததைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

போகும்போது ஒரு வேலை வைத்துவிட்டுப் போனான். சுண்ணாம்புக் காரை மெள்ளத்தான் இறுகுமாம். ஈரம் காயாமல் இருபத்தோரு நாள் காக்க வேண்டுமாம்; சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஒரு வேளை தவறினால் மயிர்க்கோடாக வெடித்துவிடுமாம். காலையில் அவளுக்கு ரயில். அந்த வேளையை அசோகன் ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் குடத்தோடு இடுகாட்டுக்குப் போனாள். தண்ணீர் சாக்கில் இறங்கும்வரை அவசரப்படாமல் நிற்க வேண்டும். வேகமாக ஊற்றினால் பூச்சு கரையும். முதல் நாலைந்து நாள் அது அவளுக்குப் பெரிய வதையாக இருந்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"தண்ணி ஊத்துனியா அக்கா?"

"ஊத்திக்கினுதான் இருக்கேன். பூசிட்டுப் போயிட்ட நீ பாட்டுக்கு. இங்க நான் கொடம் தூக்கறேன்."

"சாக்கு ஓரம் தூக்கிப் பாரு. வெடிப்பு எதுனா?"

அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "இல்ல. நல்லாத்தான் இருக்குது. எங்கடா இருக்க இப்ப?"

"குல்பர்கா. கோட்டை உள்ளாற வேல."

"எத்தினி நாளைக்கு?"

"தெர்ல. ரெண்டு மாசம் ஆவும். அதுக்கப்பறம் எங்கன்னு மேஸ்திரி சொல்லல."

"சொன்ன உடனே எனுக்குச் சொல்லணும். ஊர் பேர மட்டும் சொல்லாத. எந்த வாசலு, எந்தப் பக்கத்து மதிலு, எல்லாம் சொல்லு. அடுத்த மாசம் நானும் ஐடாவும் வர்றோம்."

"ஐடா எதுக்கு?"

"அவதான் சுத்திப் பாக்கணும்றா. வச்சுடு, கையில கொடம் இருக்குது."